நாளைக்குக் கீழே இருந்தது

தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீஃபின் லைன் வீடுகளில் கடிகாரத்தைவிடச் சங்குக்குத்தான் மரியாதை. சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பாள், எதிர்வீட்டுத் தாத்தா பீடியை அணைத்துவிட்டு எழுந்திருப்பார், ஷிப்டு முடிந்து வரும் நைனாவின் சட்டையிலிருந்து ஈரக்கல்லும் வெடிமருந்தும் வியர்வையும் கலந்த வாசனை அவருக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிடும். கேரியரை நான்தான் வாங்குவேன். அடித்தட்டில் எனக்கென்று ஒரு வாய் சோறு மிச்சம் வைத்திருப்பார். பூமிக்குள் போய்வந்த சோறு! வீட்டுச் சோற்றைவிட அது ருசி என்று சத்தியம் செய்வேன்.

"உங்க தாத்தா வெட்டுன லெவலைத் தாண்டித்தான்டா தினமும் போறேன்" என்பார். ஜான் டெய்லர் கம்பெனி காலத்துச் சுரங்கம், தலைமுறைக்குத் தலைமுறை ஆழமாகி மூன்று கிலோமீட்டரையும் தாண்டியிருந்தது. ஆளிறக்கும் கேஜ் இறங்க இறங்க முதலில் தாத்தா காலம், அப்புறம் பெரியப்பா காலம், அதற்கும் கீழே, பாறையே சுடுகிற இடத்தில் நைனாவின் இன்றைக்கு. அப்படியானால் நாளைக்கு? அதற்கும் கீழே என்று கணக்குப் போட்டுவைத்திருந்தேன். உள்ளே பாறை வெடிக்கும் ஏர்பிளாஸ்ட் வந்து அலமாரித் தட்டுகள் கலகலத்தால் அம்மா முதலில் தரையைத்தான் பார்ப்பாள்.

"நான் பெரிசானா எந்த லெவல் நைனா?"

"நீ போவ வேணாம். மேலயே இரு."

பள்ளிக்கூடத்தில் வாத்தியார், காலம் ஆறு மாதிரி ஓடுகிறது என்றார். எங்களுக்குப் பாலாறு என்றால் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர்தான். ஓடுகிற ஆற்றைப் பார்த்தவர்கள் வகுப்பில் யாருமில்லை. மனசின் நினைப்பும் ஓடும் நீர்தான் என்று வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே எழுதியதைக் கல்லூரியில் படித்தேன். காலத்தை இடமாக்கிப் பார்க்காதே என்று தத்துவவாதி பெர்க்சன் எச்சரித்ததையும் படித்தேன். இரண்டு பேருமே பெரியவர்கள், ஆனால் கேஜ் இறங்குகிற ஊரில் பிறந்தவனால் காலத்தை ஆழமாக அல்லாமல் வேறெப்படி நினைக்க முடியும்? இன்றும் எதையாவது ஞாபகப்படுத்தப் பார்த்தால், என் மனசு பின்னால் திரும்புவதில்லை, இருட்டுக்குள் ஒவ்வொரு லெவலாகத் தாண்டுகிறது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தாத்தா காலமும் நைனா காலமும் இப்போது தண்ணீருக்குள். தங்கச்சி பிறந்தது எப்போது என்று கேட்டால் நைனா வருஷம் சொல்வதில்லை. "எண்பதாவது லெவல்ல இருந்தப்போ" என்பார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மா தலைநிமிராமல், "ஆடி மாசம், வெள்ளிக்கிழமை" என்று திருத்துவாள்.