அப்பா இருமுகிற பாட்டு

தீப்பெட்டி சைஸ்தான். கிளிப்பால் சட்டையில் மாட்டினால், மாட்டியதே மறந்துபோகும். அதுதான் வில்லங்கம்!

2006-ல் கிளிப்போடு வந்த ஐபாட் ஷஃபிள். 1 ஜி.பி. சுமார் 240 பாட்டு. ஸ்க்ரீன் கிடையாது. "என்ன பாட்டுன்னே காட்டாதா? இதுக்கு டீக்கடை ரேடியோ தேவலாம்" என்றார் ஆபீஸ் நண்பர். தாம்பரம் ரயிலில் ஒரு கை கம்பியில், ஒரு கை டிபன் பையில். ஸ்க்ரீனை எங்கே சார் பார்ப்பது? தடவினாலே பட்டன் அகப்படும், போதாதா?

போன மாதம் சட்டையோடு வாஷிங் மெஷினில் குளித்துவிட்டது. "பையைப் பார்த்துப் போடக்கூடாதா?" என்றேன். "எடுத்துட்டுப் போடக்கூடாதா?" என்றாள் மனைவி. நியாயம்தான்.

2017-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். போகட்டும், கவலை அதுவல்ல. அப்பா ரேடியோ முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துப் பிடித்த பாட்டுகள் அதில் இருந்தன. ஒன்றில், சரணத்துக்கு நடுவே அவர் இருமுவார். கேசட்டுகளை வீடு மாறும்போது நான்தான் தூக்கிப் போட்டேன்.

மூன்று நாள் அரிசி டப்பா வாசம். நாலாம் நாள் பாடியது.

"வேலை செய்யுதா?"

"பாட்டு வருது. அப்பா இன்னும் வரலை."

மறுநாள் சைதாப்பேட்டை தாண்டும்போது இருமினார்.

"என்ன சார், தனியா சிரிக்கறீங்க?" என்றார் பக்கத்தில் தொங்கியவர்.