சுருள் வந்தது, கோல் வரவில்லை

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவரின் பெட்டியில் எது வரும், எது வராது என்பதை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. நீளமும் தீர்மானிக்கிறது. 19 ஆண்டுச் சார்ஜா வாழ்வை முடித்துக்கொண்டு உதியன்குளங்கரை வீட்டிற்குத் திரும்பியவரின் பெட்டியில், பழைய பனியன் ஒன்றில் சுற்றிய தூண்டில் ரீல் இருந்தது. அதைத் தாங்கியிருந்த கோல் ஏழடிக்கும் மேல். அது அறைத்தோழர் ஒருவரிடமே தங்கிவிட்டது.

அவருக்கு மீன்பிடிக்கும் வழக்கம் உண்டு என்பதே அன்றுதான் மகளுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அவர் தொலைபேசியில் அழைப்பார். பேச்சு குறைவாகவும் இரைச்சல் மிகுதியாகவும் இருக்கும். தொலைபேசியின் கோளாறு என்றே வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தனர். அது கடற்காற்று. வாரத்தின் ஒரே விடுமுறை நாளில் கரையில் நின்று, ஒரு கையில் கோலும் மறு கையில் தொலைபேசியுமாக அவர் பேசியிருக்கிறார்.

ஊர் திரும்பிய எட்டாம் மாதம் பக்கவாதம் வந்தது. பேச்சு மீண்டது, நடை மீண்டது. இடக்கை மட்டும் பாதியளவில் நின்றுவிட்டது. பயிற்சிக்கெனக் கொடுக்கப்பட்ட ரப்பர்ப் பந்து சன்னலோரத்தில் தூசி படிந்து கிடந்தது. ஒரு நாள் பள்ளியிலிருந்து திரும்பிய மகள், தந்தை அந்த ரீலைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பி, ஒவ்வொரு பாகமாகத் துடைத்துத் தையல் எந்திர எண்ணெய் இடுவதைக் கண்டாள். இடக்கை பாகங்களைப் பிடித்திருந்தது. நடுங்கியது, ஆயினும் விடவில்லை. அதற்கு ஒரு கோல் வாங்குவதென்று அவள் அப்பொழுதே முடிவு செய்தாள். பாறசாலைப் பகுதிப் பள்ளியொன்றில் நாட்கூலி அடிப்படையில் தமிழ் கற்பிப்பவள் அவள். இதற்கென ஒதுக்க முடிந்தது 3,000 ரூபாய்.

அந்த ரீல் அம்பாசடர் வகையைச் சேர்ந்தது. சுவீடனின் ஸ்வாங்ஸ்டா என்னும் சிற்றூரில் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஆபு நிறுவனம், மீன்பிடி ரீல்களுக்கு மாறி, 1952இல் வெளியிட்ட வரிசை அது. கடிகாரம் செய்தவர்களின் கை அதில் தெரியும். பித்தளைப் பற்சக்கரங்கள், உருண்டை உடல், பக்கவாட்டில் விண்மீன் வடிவத் திருகு.

இவ்வகை ரீலில் உருளையே சுழல்கிறது. எறியும் கணத்தில் ஈயக்குண்டு நூலை இழுக்க, நூல் உருளையைச் சுழற்றுகிறது. சிறிது தொலைவு சென்றதும் காற்று குண்டின் வேகத்தைக் குறைக்கும். உருளையோ தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது. வெளியேற வழியற்ற நூல் உருளையின் மேலேயே எழும்பிச் சிக்கி, குருவிக்கூடாகிவிடும். இதைத் தடுப்பவை மூன்று: ரீலினுள் இருக்கும் சிறு தடைக்கட்டைகள், உருளையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் கட்டைவிரல், எறியும் எடைக்குப் பொருந்திய கோல். முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுவர். மூன்றாவதை விலைதான் பேசவைக்கிறது.

முதற்கடையில் அவளுக்குக் கிடைத்த விடை எளியது: எந்த ரீலும் எந்தக் கோலிலும் பொருந்தும். குடைக்கம்பிபோல் ஒன்றினுள் ஒன்று மடங்கும் ஏழடிக் கோல் ஒன்றை 950 ரூபாய்க்கு வாங்கிவந்தாள். தந்தை ரீலை அதில் பொருத்தினார். கண்ணருகே வைத்து நுனிவரை ஒருமுறை நோக்கினார். பின் ரீலைக் கழற்றிப் பனியனில் சுற்றி வைத்துவிட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த மௌனம் அவளுக்கு வலித்தது. 19 ஆண்டுகளாக அனுப்பிவைத்தவர் அவர், பெற்றுக்கொண்டவள் அவள். திசை மாறிய முதற்பொருளையே அவர் ஏற்கவில்லை என்று அவள் எண்ணினாள். இரவுணவின்போது, "என்ன குறை என்றாவது சொல்லுங்கள் அப்பா," என்றாள்.

அவர் முற்றத்துத் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். அதன் மேல்முதுகில் இரண்டு இடங்களில் மட்டும் சிறு நூல் வளையங்கள் கட்டச் சொன்னார். வளையங்களின் வழியே ஒரு தையல் நூலைக் கோத்து, ஈர்க்கைக் கீழ்நோக்கி வளைத்தார். வளைவின் வெளிப்புறத்தில் இருந்த நூல், வளையங்களுக்கு இடையே குறுக்குவழி தேடி ஈர்க்கின் உடலோடு ஒட்டி உரசியது. பின் ஈர்க்கை அப்படியே திருப்பினார். இப்போது நூல் வளைவின் உட்புறம். அது ஈர்க்கை விட்டு விலகி நின்றது.

இரு வகைக் கோல்களின் வேறுபாடு முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. நிலையான உருளையுடைய ஸ்பின்னிங் ரீல் கோலின் அடியில் தொங்கும். அதன் வளையங்களும் கீழ்நோக்கியவை. சுருள்சுருளாக வரும் நூலை வாங்க முதல் வளையம் அகன்றிருக்கும், மொத்த எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் போதும். சுழலும் உருளையுடைய காஸ்டிங் ரீல் கோலின் மேல் அமர்கிறது. நூல் நேராக வருவதால் வளையங்கள் சிறியவையாக இருக்கலாம். ஆனால் அவை வளைவின் வெளிப்புறத்தில் இருப்பதால் நெருக்கமாகவும் கூடுதலாகவும் இருந்தாக வேண்டும். இல்லையேல் பெரிய மீன் இழுக்கும்போது நூல் கோலிலேயே தேயும். ரீலின் கீழே சுட்டுவிரல் கொக்கிபோல் பற்றிக்கொள்ள ஒரு விசைமுனையும் இருக்க வேண்டும். 950 ரூபாய்க் கோலில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மடக்குக் கோலின் ஒவ்வொரு பொருத்துவாயிலும் மணலும் உப்பும் புகுந்து இறுகும் என்பது தனி.

மகளிடம் எஞ்சியது 2,050 ரூபாய்.

அடுத்த சில வாரங்களில் அவள் தேடிக் கற்றவை, இந்தத் தொகைக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைத் தெளிவாக்கின. கோலின் அடித்தண்டில் இரண்டு எண் வரிசைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று எறியத்தக்க எடை, கிராமில். மற்றொன்று நூலின் வலு, பவுண்டில். கழிமுகத்தில் 30 முதல் 40 கிராம் வரையுள்ள ஈயக்குண்டே வழக்கம் என்றால், அந்த எடை கோலின் வரம்பிற்கு நடுவில் விழ வேண்டும். 20 முதல் 60 கிராம் வரை என எழுதிய கோல் அதற்குப் பொருந்தும். 100 கிராமுக்கு மேல் தாங்கும் கோல் "வலுவானது" என்று விற்கப்பட்டாலும், 30 கிராமுக்கு அது வளையாது. வளையாத கோல் குண்டைச் சுண்டி எறியும். அந்தச் சுண்டலில் உருளை வெறிகொண்டு சுழலும். குருவிக்கூடு பிறப்பது அங்கேதான்.

உப்புநீருக்கெனப் பார்க்க வேண்டியவை வேறு. வளையச் சட்டங்கள் துருப்பிடிக்கா எஃகாக இருக்க வேண்டும், முலாம் பூசிய இரும்பாக இருத்தலாகாது. வளையத்தின் உள்ளே வழுவழுப்பான பீங்கான் வகை ஓடு இருக்க வேண்டும். சிறு பஞ்சை உள்ளே செலுத்தி இழுத்தால், விரிசல் இருக்குமிடத்தில் இழை மாட்டிக்கொள்ளும். ரீலை இறுக்கும் இருக்கையின் திருகு துருவாததாக வேண்டும். கடைக்கு ரீலை எடுத்துச் சென்று அதன் பாதம் இருக்கையில் ஆடாமல் அமர்கிறதா எனப் பார்ப்பதும், நூலைக் கோத்து ஒருவரை நுனியில் பிடிக்கச் சொல்லி வளைத்துப் பார்ப்பதும் செலவில்லாத சோதனைகள்.

விட்டுவிடக்கூடியது கார்பன் மோகம். 1970களிலிருந்து பரவிய கார்பன் இழைக் கோல்கள் எடை குறைந்தவை, நுண்ணுணர்வு மிக்கவை. மலிவு விலையில் வரும்போது அவற்றின் சுவர் மெலிந்து, பாறையில் பட்ட ஓர் அடியிலேயே பழுதாகலாம். மேலும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகள் குறுக்கே செல்லும் கால்வாய்க் கரைகளில் இதை மறத்தலாகாது. கண்ணாடி இழையும் கார்பனும் கலந்த கோல் சற்றுக் கனமானது, சற்று மெதுவானது, அடியைப் பொறுக்கும்.

தந்தையும் மகளும் ரீலைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு, நெடுஞ்சாலையில் அரசுப் பேருந்தேறித் திருவனந்தபுரம் சென்றனர். அங்கு ஒரு கடையில் இரண்டு கோல்கள் தேறின. ஒன்று 2,900 ரூபாய், கார்பன், கருநீல மினுக்கு. மற்றொன்று 1,950 ரூபாய், கலப்பு இழை, ஏழரை அடி, நிறம் ஒரு பொருட்டில்லை. அவளுக்கு முதலாவதன் மேல் கண். உடன்பணியாற்றும் ஆசிரியையிடம் கடன் கேட்டால் கிடைக்கும் என மனத்துள் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

தந்தை விலையைக் கேட்கவில்லை. இரண்டின் அடித்தண்டையும் ஒவ்வொன்றாக இடக்கக்கத்தில் இடுக்கிப் பார்த்தார். அவருடைய ரீல் வலக்கையால் சுற்றுவது. எறிவதும் வலக்கை, எறிந்தபின் சுற்றுவதும் வலக்கை. ஆகவே கோலைத் தாங்குவது இடக்கையின் வேலை. அந்தக் கையால் இனி அது இயலாது. ரீலுக்குப் பின்னுள்ள தண்டு நீண்டிருந்தால் கோலைக் கக்கத்தில் இறுக்கலாம், கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கார்பன் கோலின் பின்தண்டு ஒரு சாணுக்குச் சற்று மிகுதி. மற்றதன் பின்தண்டு முழங்கையைத் தாண்டி நின்றது.

அவர் தம் நோயைப் பற்றி வீட்டிற்கு வெளியே ஒருவர் முன்னிலையில் காட்டிய முதற்குறிப்பு அதுதான். கடைக்காரர் புரிந்துகொண்டு வேறு எதையும் காட்டவில்லை. மகளும் கடனை மறந்தாள். வெளியே வரும்போது அவர் சொன்னது ஒரு பழமொழி மட்டும்: ஒதி பெருத்தாலும் உத்திரம் ஆகாது. உதியன் என்றால் தமிழ் படித்தவளுக்குச் சேரன் நினைவு வரும். மரம் அறிந்தவருக்கு ஒதியே நினைவு வரும் போலும்.

56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு கடலைத் தொடும் இடம் பூவாறு. மணல்திட்டு ஆற்றை மறிப்பதும் ஆறு அதை உடைப்பதும் அங்கு வழக்கம். அந்த வாயைப் பொழி என்பர். அருகிலுள்ள பொழியூரின் பெயர் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஞாயிறு மாலை இருவரும் அங்கு நின்றனர். மலையாளத்தில் பேசிய இளைஞர் சிலர் சூண்டை என்றனர், மகள் தூண்டில் என்றாள். தந்தை இரண்டையும் சொல்பவர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்திற்கும் நெய்யாற்றின்கரை கேரளத்திற்கும் ஆயின. எல்லை நெடுஞ்சாலையில் களியக்காவிளை அருகே விழுந்தது, நாவில் விழவில்லை.

அவள் முதுகலைத் தமிழில் அகநானூற்றின் 36ஆம் பாடலைப் படித்திருந்தாள். நக்கீரர் பாடியது. தூண்டில் இரையை விழுங்கிய வரால், ஆம்பல் இலையைக் கிழித்துக் குவளையைச் சிதைத்து வள்ளைக்கொடியைக் குழப்பி, தூண்டிலிட்டவன் இழுத்தும் வராமல் குளத்தைக் கலக்கும் காட்சி அதில் உண்டு. அதே பாடலில் தலையாலங்கானப் போரும் வருவதால், தேர்வுக்கு எழுவர் பெயரைத்தான் மனப்பாடம் செய்யவைத்தார்கள். இழுத்தும் வராதபோது அந்த மீனவன் என்ன செய்தான் என்று ஒருவரும் வினவவில்லை.

முதல் எறிதலைத் தந்தை அவளையே எறியச் சொன்னார். குண்டு பறந்தது. கட்டைவிரல் ஒரு கணம் பிந்தியது. உருளையின் மேல் தங்கூசி நூல் பொங்கி எழுந்து பெருஞ்சிக்கலாயிற்று. 2,050 ரூபாயில் மிஞ்சிய 100 ரூபாயோடு கைக்காசும் சேர்த்து வாங்கிய நூல். அவள் பதறிப்போய் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். சிக்கல் இறுகியது.

"இழுக்காத மக்களே, இளக்கு," என்றார் அவர்.

தளர்த்து என்று அவள் வகுப்பில் கற்பிப்பாள். இளக்கு என்பது வேறு. கட்டப்பட்டதைத் தளர்த்தலாம். இறுகியதைத்தான் இளக்க முடியும். இளகு என்னும் தன்வினை உருகுவதையும் நெகிழ்வதையும் சொல்லும். அதன் பிறவினை இளக்கு. பாடநூலில் அவள் அதை எளிதில் கடந்துவிடுவாள். உள்ளிருந்து நெகிழும்படி செய்தல் என்னும் பொருள் அந்த மணலில்தான் அவள் கைக்கு வந்தது.

தந்தை கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் அமர்ந்தார். இடக்கையின் இரு விரல்கள் ஒரு கண்ணியைப் பிடித்துக்கொள்ள, வலக்கை நூலைச் சிறிது சிறிதாக உருவி எடுத்தது. ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் அவர் பேசினார். கோல் யாரிடம் தங்கியது, எந்தக் கரையில் பாரை வரும், எந்த வெள்ளிக்கிழமை எதையும் பிடிக்காமல் திரும்பினார், எந்த வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே மீன் இழுத்து அழைப்பைத் துண்டித்தார் என்பதெல்லாம். அந்தத் துண்டிப்பு அவளுக்கு நினைவிருந்தது. அன்று பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாண்டுகள் அவள் அதற்காகக் கோபித்திருந்தாள்.

"அது என்ன மீன் அப்பா?" என்று கேட்டாள்.

"போயிற்று மக்களே. நூல் அறுந்துவிட்டது."

இருட்டியபின் வீடு திரும்பினர். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. கிணற்றடியில் கோலையும் ரீலையும் நன்னீர் ஊற்றிக் கழுவி, வளையம் வளையமாகத் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தார். ஈரம் உலரும்வரை காத்திருந்த நேரத்தில், சன்னலோரப் பந்தை எடுத்துத் துடைத்து, இடக்கையில் வைத்து அழுத்தத் தொடங்கினார்.