அழாத பிள்ளை

அங்கன்வாடிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவர்கள், காரியாபட்டிக் கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு முட்டையும் சத்துமாவும் தவறாமல் வழங்கியவள் என்றே என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் என் தொழிலே விட்டுப்போயிற்று. 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் ஆரம்பித்து, நாங்கள் அன்று சேர்ந்திருந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் விஸ்தரிக்கப்பட்ட ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதந்தோறும் சிசுக்களை எடைபோட்ட காலந்தொட்டே, ஒரே வீட்டுச் சத்துருண்டை ஒரு பிள்ளைக்கு ஒட்டுவதையும் மற்றொன்றுக்கு ஒட்டாததையும் கண்டவர்கள் நாங்கள். உணவோடு தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள பந்தத்தையும் பார்ப்பதே என் தொழில்.

தாயைப் பிரிய அழும் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை. கரிமூட்டத்துக்குப் போன தாய் திரும்பி வந்தும், கண்டும் காணாததுபோல் கொட்டாங்கச்சியில் மண் அள்ளிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பிள்ளைதான் என்னை உறங்கவிடாது. “எம்புள்ள சமத்து டீச்சர், என்னையத் தேடவே மாட்டான்” என்று தாய் பூரிப்பாள். உகாண்டாக் கிராமங்களிலும் பின்னர் பால்டிமோர் நகரத்திலும் வீடுவீடாக அமர்ந்து தாய்சேய் பந்தத்தைக் கவனித்த மேரி எயின்ஸ்வொர்த் அம்மையார், பிரியும்போது அழுவதைக் காட்டிலும் மறுபடி சேரும்போது பிள்ளை செய்வதே பிரதானம் என்றார். வெளிக்குச் சாந்தமாக இருக்கும் இத்தகைய பிள்ளைகளின் இதயம் உள்ளே படபடப்பதைப் பின்வந்தவர்கள் அளந்தே கண்டார்கள்.

இத்தாய்க்கு உபதேசம் செய்தால் காரியம் கெட்டுவிடும். அவளுடைய வாத்சல்யத்தில் குறையில்லை. அலுப்பு அதை மூடியிருக்கிறது. ஆகவே பக்கத்தில் அமர்ந்து, “இந்தா பாரு தாயி, ஒஞ்சத்தங் கேட்டதும் அவன் கை நின்னுபோச்சு” என்று காட்டிவிட்டு, வாய் மூடியிருக்க வேண்டும். மறுநாளும் அதையே காட்ட வேண்டும். ஒருநாள், கரி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே அவள் தரையில் உட்காருவாள். பிள்ளையோ நேரே வராது, முதுகைக் காட்டியபடியே அங்குலம் அங்குலமாக நகர்ந்து மடியைத் தொடும். இந்த வித்தைக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

இன்றைய இளம் பணியாளர்கள் கெட்டிக்காரிகளே. எனினும் 2021-இல் போஷன் டிராக்கர் செயலி வந்தபின், எடையும் உயரமும் ஏற்றிப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற சுபாவம் அவர்களிடம் படிந்துவருவதைக் கண்டு வருந்துகிறேன். குனிந்த தலை நிமிர்வதற்குள் தாயும் பிள்ளையும் வாசலைக் கடந்துவிடுகிறார்கள். மேலதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்மார் வரும் அந்த அரைமணி நேரத்திலேனும் எங்கள் பெண்களிடம் எந்தக் கணக்கும் கேளாதீர்கள்.