மூன்று மாதச் சம்பளமும் ஒரு மேலங்கியும்

நம் வீடுகளில் ‘ஜாக்கெட்’ என்றால் பெண்கள் சேலைக்குப் பொருத்தமாகத் தைத்துக்கொள்ளும் ரவிக்கை என்றே பொருள். குளிருக்கும் மழைக்கும் போட்டுக்கொள்ளும் கனத்த மேலங்கியை அச்சொல்லால் குறிப்பது மேல்நாட்டார் வழக்கம். திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு அத்தகைய ஆடை தேவைப்படும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சித்திரை மாதத்தில் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழும் ஊர் இது. மெல்லிய துணிக்குப் பெயர் பெற்ற ஊரும் ஆகும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயணக் குறிப்பு, ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணிகளைப் பற்றிப் பேசுகிறது. அந்த அர்கரு நமது உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. காற்று நுழையும் துணியை நெய்து உலகுக்கு அனுப்பிய மண்ணில், காற்றே நுழையாத மேலங்கிக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வி சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்திலேயே எழுந்தது. என் தங்கையின் மகளுக்கு வயது பதினைந்து. கே.கே. நகரில் உள்ள ரைபிள் கிளப்பில் காற்றுத் துப்பாக்கி சுடப் பழகி வருகிறாள். 2022 ஜூலையில் 47ஆவது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி அங்கு நடைபெற்றபோது நடிகர் அஜித்குமாரும் கலந்துகொண்டார். அவரைக் காண ஊரே திரண்டது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவள், நடிகரை மறந்துவிட்டுத் துப்பாக்கியை நினைவில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். அன்று பிடித்த ஆசை இன்றளவும் தணியவில்லை.

பயிற்சியாளர் ஒரு நாள், “இனி உனக்கென்று ஒரு சூட்டிங் ஜாக்கெட் வேண்டும்” என்று கூறிவிட்டார். அவள் இரண்டு விலைப்பட்டியல்களை வாங்கி வந்து தன் அத்தாவின் முன் வைத்தாள். ஒன்று நம் நாட்டிலேயே அளவெடுத்துத் தைத்துத் தருவது. என் மைத்துனருடைய ஒரு மாதச் சம்பளத்தை அது விழுங்கிவிடும். மற்றது ஜெர்மனியிலிருந்து வரவழைப்பது. மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். “நல்லதாக வாங்கினால் ஒரே தடவையோடு போயிற்று அத்தா” என்று அவள் ஜெர்மன் பட்டியலை மேலே வைத்தாள்.

என் தாயாருக்கு முதலில் விஷயம் விளங்கவில்லை. “ஒரு ஜாக்கெட்டுக்கா இவ்வளவு பணம்? அதில் பொன்னிழை ஓடுகிறதா?” என்று கேட்டார்கள். விளங்கிய பிறகும் மனம் இசையவில்லை. குறி பார்த்து அம்பெய்யும் பயிற்சியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆகையால் பேத்தி துப்பாக்கி பிடிப்பதை ஒரு நாளும் தடுத்ததில்லை. ஆனால் வீண்விரயம் வேறு, பயிற்சி வேறு என்பது அவர்கள் கட்சி. வீட்டில் அடுத்த ஆண்டு மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. இத்தனை நியாயங்களுக்கு நடுவே என் தங்கை ஒரு வார்த்தை சொன்னாள்: “இதே பணத்துக்கு மகன் மோட்டார் சைக்கிள் கேட்டிருந்தால் இவ்வளவு யோசித்திருப்போமா அண்ணா?” அந்தக் கேள்விக்குப் பின் இது வெறும் துணி விவகாரமாக இல்லை. ஒரு பெண் பிள்ளையின் முயற்சியை எவ்வளவு தூரம் மெய்யென்று எடுத்துக்கொள்கிறோம் என்பதே விவகாரமாயிற்று. என்னை விசாரித்துச் சொல்லும்படி கேட்டார்கள்.

விலையுயர்ந்த மேலங்கி என்றதும் எனக்கு நினைவு வந்தது, இங்கிலாந்தில் வாழும் உறவினர் ஒருவர் அன்போடு அனுப்பிய மேலங்கி. பருத்தித் துணியில் மெழுகு ஏற்றியது. அந்நாட்டில் வேட்டைக்குப் போவோரும் ஆடு மேய்ப்போரும் தூறலிலும் சேற்றிலும் அணிவது. வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் 1894இல் தொடங்கிய பார்பர் நிறுவனம் இத்தகைய ஆடைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. அவர்களுடைய குளிருக்கு அது அருமையான பொருள். மீண்டும் மீண்டும் மெழுகேற்றித் தலைமுறை கடந்தும் அணிகிறார்களாம். எங்கள் வீட்டு அலமாரியிலோ வைகாசி மாதத்தில் மெழுகு இளகி, பக்கத்தில் தொங்கிய ஷெர்வானியிலும் பிசுக்கை ஏற்றிவிட்டது. குற்றம் மேலங்கியுடையதன்று; அது பிறந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் வேறு.

இதற்கு முன்னோடிக் கதையும் உண்டு. 1823இல் சார்ல்ஸ் மக்கின்டாஷ் என்பவர் இரு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழை புகாத துணியைச் செய்தார். குளிரில் அது பலகை போல விறைத்தது, வெயிலில் ஒட்டியது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை பின்னர் வந்துதான் அக்குறை தீர்ந்தது. நம் காலத்தில் 1969இல் ராபர்ட் கோர் கண்ட ‘கோர்டெக்ஸ்’ இன்னும் நுட்பமானது. மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறக்கூடிய நுண்துளைகள் கொண்ட படலம் அது. ஆனால் ஆவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ச்சியும் வறட்சியும் இருந்தால்தான் அது வெளியே போகும். ஐப்பசி மழையில் காவிரிக் கரையில் வெளிக்காற்றே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும்போது, அந்த ஆவி எங்கே போகும்? உள்ளேயே நீராகித் தங்கும். பல ஆயிரம் கொடுத்து மழையில் நனையாமல் வியர்வையில் நனைவதைவிட, அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் குடை பிடித்து நிற்பவர் புத்திசாலி.

வேட்டை மேலங்கியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. நம் பாட்டனார் காலத்தில் பச்சைமலைப் பக்கம் போவோர் காக்கி ட்ரில் துணியில், தோட்டாவுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்ட கோட்டு, கடைவீதித் தையற்காரரின் கைவேலை. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை ஒழிந்தது. அந்தக் கோட்டுக்கும் வேலை ஒழிந்தது.

ஆக, நம் ஊரில் விலையுயர்ந்த மேலங்கிக்கு இடமே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடலாம் போலிருந்தது. அவ்வாறு எழுதுமுன் திருவரங்கத்தில் இருக்கும் என் நண்பரைப் பார்த்து வரலாம் என்று காவிரிப் பாலத்தைக் கடந்தேன். 1966இல் நிறுவப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணிசெய்து ஓய்வு பெற்றவர் அவர். உத்தர வீதியில் வீடு.

“வாங்கோ பாய்” என்று வரவேற்றவர், கேள்வியைக் கேட்டதும் எழுந்து நின்றார். கையில் ஊன்றுகோலைத் துப்பாக்கி போல ஏந்தி, இடக்கை முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகைப் பின்னோக்கி வளைத்துக் காட்டினார். “காற்றுத் துப்பாக்கி ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதை இப்படித் தாங்கி அறுபது தடவை சுடணும். பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கிற பத்தாவது புள்ளியின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டர். குண்டோ 4.5 மில்லிமீட்டர். நெஞ்சு துடித்தாலே குறி தவறும். அந்த மேலங்கி குளிருக்குப் போடுவதில்லை பாய். துப்பாக்கிக்குப் பின்கட்டை ஒன்று உண்டே, அது முடிகிற இடத்திலிருந்து தொடர்கிற இன்னொரு கட்டை அது.”

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நான் அதுவரை விசாரித்துக்கொண்டிருந்தது ஆடையை. அவள் கேட்டதோ ஒரு கருவி. வளைந்த முதுகெலும்புக்கு முட்டுக் கொடுப்பதும், நாடித் துடிப்பு துப்பாக்கிக்குப் போய்ச் சேராமல் தணிப்பதும், தோளில் கட்டை வழுக்காமல் காப்பதும் அதன் தொழில். வளரும் பிள்ளை நாள்தோறும் மணிக்கணக்கில் முதுகை வளைத்து நிற்கும்போது, அந்த முட்டு புள்ளிக்கு மட்டுமன்றி உடம்புக்கும் வேண்டியதே.

“அப்படியானால் ஜெர்மன் மேலங்கியே நல்லது என்கிறீர்களா?” என்றேன். அவர் சிரித்தார். “எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கேஜ் உண்டு. உறுப்பு கேஜுக்குள் சரியாகப் போய்விட்டால் தேர்வு. அதற்கு மேலும் மெருகு போட்டுக்கொண்டிருந்தால் தேய்வது காசுதான். உங்கள் மேலங்கிக்கும் கேஜ் உண்டா என்று பாருங்கோ.”

பார்த்தேன், உண்டு. பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு அதற்குக் கடுமையான விதிகள் வகுத்திருக்கிறது. துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. உருளை ஒன்றை வைத்து அழுத்தினால் துணி குறைந்தது 3 மில்லிமீட்டராவது உள்வாங்க வேண்டும். அதைவிட விறைப்பாக இருந்தால் செல்லாது. போட்டி முடிந்த பின்னும் சோதிப்பார்கள். தேறாவிட்டால் எடுத்த புள்ளி எல்லாம் போய்விடும். ஆகவே எத்தனை பணம் கொடுத்தாலும் சட்டம் அனுமதிக்கும் விறைப்புக்கு மேல் ஒரு நூலளவும் வாங்க முடியாது. கூடுதல் பணம் வாங்கித் தருவது வெட்டின் நேர்த்தியையும், அந்த விறைப்பு நெடுநாள் தளராமல் இருக்கும் உறுதியையும்தான். நம் ஊர் வெக்கையில் வியர்வை குடித்துக் கான்வாஸ் தளரும் என்பதால் அந்த உறுதிக்கும் மதிப்பு உண்டு.

அந்த நேர்த்தி எவ்வளவு பெறும்? சிகரத்தில் நிற்பவர்களுக்கு நிறையப் பெறும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், நமது கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அறுபது குண்டுகளில் 630.7 புள்ளி எடுத்தும் பத்தாம் இடத்தில் நின்றார். எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்றில் இடம். அவருடன் சென்ற ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாம் இடத்தில் உள்ளே போனார். இருவருக்கும் இடையே முக்கால் புள்ளிக்குச் சற்று மேல்! அந்த உயரத்தில் ஒரு சுருக்கம், ஒரு தையல் கூடக் கணக்கில் வரும். அதே பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர் சுட்டது பிஸ்டல். அப்பிரிவில் உடலைத் தாங்கிப்பிடிக்கும் உடுப்புக்கு அனுமதியே கிடையாது. கையும் மனமும் மட்டுமே துணை. உறுதி முதலில் உடம்பில் ஊறவேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் பிள்ளையின் நிலை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அவளுடைய குண்டுகள் இன்னும் எட்டுக்கும் பத்துக்கும் இடையே அலைகின்றன. அந்த அலைச்சலைக் குறைக்கப்போவது பயிற்சி. முதுகுக்கு முட்டு அவசியம். முக்கால் புள்ளி நேர்த்தி இப்போது அவசியமில்லை. இவற்றையெல்லாம்விட முக்கியமான விதி ஒன்று என் கண்ணில் பட்டது. மேலங்கி உடலை இறுக்கலாகாது. பொத்தான் போடும் இடத்தைத் தாண்டி 7 சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். பதினைந்து வயதுப் பெண் வளர்வாள். இன்று கச்சிதமாக வெட்டிய உடுப்பு ஓராண்டிலோ ஈராண்டிலோ அந்த ஏழு சென்டிமீட்டரைத் தொடாது. பொத்தானை நகர்த்திப் பார்க்கலாம். தோளை நகர்த்த முடியுமா? ‘ஒரே தடவையோடு போயிற்று’ என்று அவள் சொன்னது வளர்ந்து முடிந்தவர்களுக்கே பொருந்தும்.

என் முடிவை எல்லாரும் கூடியிருக்கும்போதே சொன்னேன். மேலங்கி வாங்கத்தான் வேண்டும். அது வீண்விரயம் ஆகாது. தறிக்காரனுக்கு நாடாவும் கொத்தனாருக்குக் கரண்டியும் போல அது அவளுக்கு. ஆனால் இப்போது வாங்கவேண்டியது உள்நாட்டில் தைத்தது. என் தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கருவி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் குறுக்கே நிற்கிறேன்?” என்றார்கள். பிள்ளையின் முகம்தான் வாடியது. மலிவானதைக் கொடுத்து அவளை ஒதுக்கிவிட்டோமோ என்று அவள் எண்ணிவிடக் கூடாதே என்பது என் கவலை. விதிகளை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, “ஏழு சென்டிமீட்டர் சரிதான் மாமா” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு பொருள் விலை கூடியதா குறைந்ததா என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. அது எந்தக் காற்றுக்கு, எந்த வேலைக்கு, எந்த அளவுக்குச் செய்யப்பட்டது என்பதும், அந்தக் காற்றும் வேலையும் அளவும் நம்மிடம் உண்டா என்பதுமே சொல்லும். அலமாரியில் பிசுக்கேறித் தொங்கும் மெழுகு மேலங்கி இலவசமாக வந்தும் எங்களுக்கு விலை அதிகம், கே.கே. நகரில் அன்றாடம் வியர்வையில் நனைந்து காயும் கான்வாஸ் மேலங்கி, ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கியும் மலிவு. என் மைத்துனர் அவ்வளவோடு நிற்கவில்லை. பிள்ளையின் பெயரில் தபால் நிலையத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, மாதந்தோறும் ஒரு சிறு தொகை கட்டி வருகிறார். அவள் வளர்ந்து முடித்து, அவளுடைய குண்டுகள் பத்தை விட்டு அகலாத காலம் வரும்போது, அந்த ஜெர்மன் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்ப்பதாக உத்தேசம்.