ஒரு புள்ளியின் விலை

புள்ளி போனால் 'பல்' 'பல' ஆகிவிடும். இணையத்திலும் அப்படித்தான்.

எந்தத் தளத்துக்கு எந்த ஐ.பி. எண் என்பதைச் சாதாரண உரைக்கோப்பில் எழுதிவைக்கலாம், நோட்பேடே போதும். கடைப் பேரேடு மாதிரி, வரிக்கு ஒரு பதிவு. முழுப்பெயர் எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். மறந்தால், சர்வர் அதன் வாலில் தளப்பெயரை இன்னொரு முறை ஒட்டிவிடும்.

2009 அக்டோபர் 12 அன்று சுவீடனில் நடந்தது இதுதான். அந்நாட்டின் '.எஸ்இ' கோப்பைத் தயாரித்த நிரல் புள்ளியை விட்டுவிட்டது. சுமார் 9 லட்சம் முகவரிகள் முடங்கின. கோப்பைச் சீக்கிரமே திருத்திவிட்டார்கள். ஆனால் பல சர்வர்கள் பழைய தவற்றையே நினைவில் வைத்திருந்தன.

பேரேட்டில் பிழை விழுந்தால் இருப்பாய்வு பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இங்கே புள்ளியில்லாத வரியும் இலக்கணப்படி சரிதான்! வெளியிடும் முன் ஒரு பெயரையாவது சர்வரிடம் கேட்டுப் பார்த்துவிடுவதே காப்பு.