நான்கு மெழுகுவர்த்திகளும் ஒரு வீட்டுப் பெயரும்

பிபிசியின் ‘தி டூ ரோனிஸ்’ நிகழ்ச்சியில் 1976-இல் ஒளிபரப்பான இரும்புக்கடைக் காட்சியில், வாடிக்கையாளராக வரும் ரோனி பார்க்கர் ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, அதாவது மண் கிளறும் தோட்டக் கருவிக்கான கைப்பிடிகள், கேட்க, கடைக்காரரான ரோனி கார்பெட் அதை ‘ஃபோர் கேண்டில்ஸ்’ எனக் காதில் வாங்கி நான்கு மெழுகுவர்த்திகளை எடுத்து வைக்கிறார். சொல்லின் முதலில் வரும் ‘ஹ’ ஒலியை விழுங்கிப் பேசுவது இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் அடையாளமாகக் கருதப்படுவதால், வாடிக்கையாளர் வாய் திறந்ததுமே அவருடைய சமூக இடம் அந்நாட்டுப் பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னர் அவர் ‘ஓஸ்’ கேட்கிறார். மண்வெட்டி, ரப்பர் குழாய், பெண்களின் நீள்காலுறை ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் ‘ஹ’ இழந்தால் ஏறத்தாழ அப்படியே ஒலிப்பதால், கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து களைத்துப்போகிறார். தேவைப்பட்டவையோ, வாயிற்கதவில் ‘மோன் ரெப்போ’ என்று பொருத்துவதற்கான ‘ஓ’ எழுத்துகள். ‘என் ஓய்விடம்’ எனப் பொருள்படும் இந்தப் பிரெஞ்சுத் தொடர், சிறு வீடுகளுக்குப் பகட்டாகச் சூட்டப்பட்டுச் சலித்துப்போன பெயர் என்பதை அறியாதவருக்குச் சொல்விளையாட்டு விளங்கினாலும் அதிலுள்ள மெல்லிய ஏளனம் நழுவிவிடும். திரையின் அடியில் ஓடும் எழுத்துரையும் இங்கே கைகொடுக்காது. இரண்டில் ஒரு பொருளை எழுத்தில் காட்டியாக வேண்டியிருப்பதால், கடைக்காரர் திரும்புவதற்குள் அது குட்டை உடைத்துவிடுகிறது.