பாமினியில் தட்டிய ஒரு கட்டுரை

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் படித்துவிடுங்கள்.

என் மடிக்கணினி 2016இல் வாங்கியது. விண்டோஸ் 10இல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்று திரையிலேயே அறிவிப்பு வந்தது. சரி, 11க்கு மாறுவோம் என்று பார்த்தால், என் கணினி தகுதி பெறவில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டுமாம். என்னுடையது ஆறாம் தலைமுறை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நன்றாக ஓடும் பொருளை வயதைக் காரணம் காட்டி ஓய்வு கொடுக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. எனக்கும் 58இல் அதைத்தானே செய்தார்கள்!

புதுக் கணினி வாங்கினேன். பழையதைத் தங்கை மகன் துடைத்து, லினக்ஸ் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் படிப்புக்குக் கொடுத்துவிட்டான். அதில் அது இன்னும் நன்றாகவே ஓடுகிறது. புதியதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சட்டென்று திறக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது, தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. என் பழைய பிரிண்டர் மட்டும் அதோடு பேச மறுத்தது. அதன் டிரைவர் 32 பிட் காலத்தது; விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு அம்மா போன் செய்தார். 2004இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவனின் தாயார். அவன் சென்ற ஆண்டு சாலை விபத்தில் போய்விட்டான். உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். பெயர் எழுத மனம் வரவில்லை.

"சார், ஸ்கூல் புத்தகத்துல டீக்கடையப் பத்தி எழுதியிருந்தானே, அது உங்ககிட்ட இருக்குங்களா? எங்க வீட்ல இருந்தது மழைத்தண்ணில நனைஞ்சு போச்சு."

"இருக்குதும்மா, நாளைக்கே தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு மலருக்கான கட்டுரைகளை நான்தான் தட்டச்சு செய்தேன். ஃபிளாப்பியில் இடம் போதாது என்று நோட்பேடில் சேமித்தேன். ஃபிளாப்பியிலிருந்து சிடி, சிடியிலிருந்து பென்டிரைவ் என்று 20 ஆண்டுகளுக்கு மேல் சுமந்து வந்திருக்கிறேன்.

புதுக் கணினியில் கோப்பைத் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பக்கம் பக்கமாகச் சிதறிக் கிடந்தன. மற்ற கோப்புகளும் அப்படியே. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். இரண்டு நாள் அந்த அம்மாவின் போனை எடுக்கவில்லை. ஒரு ஆசிரியர் செய்யக் கூடாத காரியம்.

பிறகு வெட்கத்தை விட்டு, மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தியை அழைத்தேன். "சார், எந்த ஃபாண்ட்ல அடிச்சீங்க?" என்றாள். நினைவில்லை. "சரி, அம்மான்னு அடிக்க என்னென்ன கீ அழுத்துவீங்க?" என்றாள். கண்ணை மூடி மேசையில் தட்டிப் பார்த்தேன். மூளை மறந்ததை விரல்கள் மறக்கவில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். "பாமினி சார்!" என்று அவள் சிரித்தாள்.

அவள் சொன்ன விளக்கம் இதுதான். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அப்படி இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். கோப்பில் இருந்தது எப்போதுமே 'எம்'தான். அதற்கு 'அ' என்ற சட்டையைப் போட்டது எழுத்துரு. பழைய கணினியில் நோட்பேடுக்குப் பாமினியையே நிரந்தரமாக வைத்திருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. எழுத்துரு போனதும் சட்டை போய்விட்டது. கோப்பு கெடவே இல்லை.

யூனிகோடுக்கு மாற்றி அனுப்பினாள். இடையில் அவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடைப்பலகை வாசகம் மட்டும் பொருளற்ற தமிழாக மாறியிருந்தது. அதைக் கையால் திருத்தும்போதுதான் கடைசிப் பத்தியைக் கவனித்தேன். மலரில் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று நான் வெட்டிய பத்தி. அப்பா டீ ஆற்றுவதை எல்லோரும் பார்ப்பார்கள், கடைக்குப் பின்னால் விடியற்காலை நாலு மணியிலிருந்து கிளாஸ் கழுவும் அம்மாவை யாரும் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தான்.

பெரிய எழுத்தில் அச்செடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் அந்தப் பத்தியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

கணினி மாற்றப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். முதலில் பிசி ஹெல்த் செக் செயலியில் பொருத்தம் பாருங்கள். பிரிண்டருக்குப் புதிய டிரைவர் உண்டா என்று கேளுங்கள். பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளைப் பழைய கணினி இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி, இரண்டு இடங்களில் வையுங்கள். எல்லாம் திறக்கிறதா என்று சரிபார்த்த பிறகே பழையதைத் துடையுங்கள்.

2004ஆம் ஆண்டு மாணவர்களே, உங்கள் கட்டுரைகள் அனைத்தும் இப்போது யூனிகோடில் பத்திரமாக உள்ளன. நான் வெட்டிய வரிகளோடு சேர்த்து. வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள்.